941 மெகாபிட் வரவில்லையா? ஜிகாபிட் கருவிகளை அதிகச் செலவில்லாமல் சோதிக்கும் வழி

ஜிகாபிட், அதாவது விநாடிக்கு 1000 மெகாபிட் வேகம் கொண்ட சுவிட்ச், ரவுட்டர் இவற்றை அளப்பதற்கென்றே பெரிய சோதனைக்கூடங்களில் தனிப் பெட்டிகள் இருக்கும். அந்தப் பெட்டியின் விலையில் அறை நிறைய சுவிட்ச் வாங்கலாம். நமக்கு அது வேண்டாம். ஜிகாபிட் போர்ட் உள்ள இரண்டு கணினிகள், ஒரு நல்ல கேபிள், ஐபெர்ஃப்3 என்ற இலவச மென்பொருள் இருந்தால் போதும். வீட்டிலும் சிறிய அலுவலகத்திலும் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவற்றை இதை வைத்தே பிடித்துவிடலாம்.

ஆனால் எதைச் சோதிப்பதற்கு முன்னும் அளவுகோலைச் சோதிக்க வேண்டும். சுவிட்ச் சரியில்லை, ரவுட்டர் மட்டம் என்று வரும் புகார்களில் பல, அளந்த கணினியின் குறையாகவே முடிகின்றன. தராசு கோணலாக இருந்தால் சரக்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

முதல் வேலை: நடுவில் எதுவும் இல்லாமல் அளப்பது

இரண்டு கணினிகளையும் ஒரே கேபிளால் நேராக இணையுங்கள். ஜிகாபிட் போர்ட்டுகள் முனைகளைத் தாமே மாற்றிக்கொள்ளும் என்பதால் கிராஸ் கேபிள் தேடத் தேவையில்லை. ஒன்றுக்கு 10.10.10.1, மற்றதற்கு 10.10.10.2 என்று முகவரி கொடுங்கள். வைஃபையை இரண்டிலும் அணைத்துவிடுங்கள். அணைக்காமல் விட்டு, டேட்டா வைஃபை வழியாகப் போய்க்கொண்டிருக்க, கேபிளைத் திட்டியவர்கள் உண்டு.

கட்டளைகளை இங்கே தமிழில் எழுதுகிறேன். பெரிய எழுத்து என்று சொல்லும் இடம் தவிர, திரையில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும். முதல் கணினியில் "ஐபெர்ஃப்3 -எஸ்". அது 5201-ஆம் போர்ட்டில் காத்திருக்கும், ஃபயர்வால் கேட்டால் அனுமதி கொடுங்கள். இரண்டாவதில் "ஐபெர்ஃப்3 -சி 10.10.10.1 -டி 30". கடைசியில் உள்ள டி, டைம் என்ற சொல்லின் முதல் எழுத்து. 30 விநாடி ஓடட்டும். முடிந்ததும் பெரிய எழுத்து ஆர் சேர்த்து, அதாவது "-ஆர்" போட்டு, இன்னொரு முறை ஓட்டுங்கள். இப்போது டேட்டா எதிர்த்திசையில் போகும்.

லினக்ஸில் வர வேண்டிய எண் 941 மெகாபிட். ஏன் 1000 இல்லை? டேட்டா ஃபிரேம் என்ற துண்டுகளாகப் போகிறது, ஒவ்வொரு ஃபிரேமும் கம்பியில் 1538 பைட் இடம் பிடிக்கிறது. அதில் முன்னோட்டம் (ஃபிரேம் வருகிறது என்று அறிவிக்கும் பிட்டுகள்), இடைவெளி, ஈதர்நெட் தலைப்பு, ஐபி, டிசிபி தலைப்புகள் எல்லாம் போக நம் டேட்டாவுக்கு மிஞ்சுவது 1448 பைட். வகுத்துப் பாருங்கள், 94.1 விழுக்காடு. டிசிபியின் நேர முத்திரை அணைந்திருக்கும் கணினிகளில் 12 பைட் மிச்சமாகி 949 வரும். ஆக, 941 வந்தால் கருவி ஆறு விழுக்காடு விழுங்கிவிட்டதாக நினைக்க வேண்டாம். கம்பி நிரம்பி ஓடுகிறது என்று அர்த்தம்.

இரண்டு திசையிலும் 941 வந்துவிட்டதா? சரி, இப்போது உங்களிடம் தராசு இருக்கிறது. இனி நடுவில் ஒரே ஒரு பொருளைச் சேர்த்து அளங்கள். சுவரில் போன கேபிள், அப்புறம் சுவிட்ச், அப்புறம் ரவுட்டர். எந்தப் படியில் எண் விழுகிறதோ அங்கேதான் குறை. நேர் இணைப்பிலேயே வரவில்லை என்றால், வந்த எண் எது என்று பார்த்துக் கீழே உள்ளதில் உங்களுடையதைத் தேடுங்கள்.

அறிகுறி: 94 வருகிறது, அதற்கு மேல் அசையவில்லை

இந்த எண்ணைக் கண்டாலே நிம்மதி. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: லிங்க் 100 மெகாபிட்டில் நிற்கிறது. 94.1 என்பது மேலே சொன்ன அதே கணக்கு, பத்தில் ஒரு பங்கு. லினக்ஸில் "ஈத்டூல்" என்று அடித்து நெட்வொர்க் கார்டின் பெயரைக் கொடுத்தால் வேகத்தைச் சொல்லிவிடும். விண்டோஸில் அடாப்டரின் நிலைத் திரையில் இருக்கும்.

100 மெகாபிட் ஈதர்நெட்டுக்கு இரண்டு ஜோடிக் கம்பிகள் போதும். 1, 2, 3, 6 ஆகிய முனைகள் மட்டும். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். நீலம் அல்லது பழுப்பு ஜோடியில் ஒரு கம்பி தொடாவிட்டாலும், பல கார்டுகள் சில முறை முயன்று பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். இணையம் வேலை செய்யும், விளக்கு எரியும், யாருக்கும் சந்தேகமே வராது.

ஒரு முறை இப்படித்தான், நானே ஒரு சுவிட்சின் மேல் பழியைப் போட்டு அதைக் கழற்றி வைத்துவிட்டேன். புதிதாக மாட்டியதிலும் அதே 94. கேபிளைக் கையில் எடுத்து ஆர்ஜே45 முனையின் மூக்கை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தபோது, கண்ணாடி போன்ற அந்தப் பிளாஸ்டிக்கின் கோடியில் ஏழு செம்புப் புள்ளிகள் பளிச்சென்று தெரிந்தன. எட்டாவது இடம் இருட்டாக இருந்தது. பழுப்புக் கம்பி இரண்டு மில்லிமீட்டர் குட்டையாக வெட்டுப்பட்டு, பல் கடிக்கும் இடத்துக்கு வந்து சேரவே இல்லை. அந்த முனையை வெட்டி எறிந்து புதிதாக கிரிம்ப் செய்ததும், அதாவது புது முனையை அழுத்திப் பொருத்தியதும், 941. கழற்றி வைத்த சுவிட்ச் இன்றுவரை நன்றாக ஓடுகிறது.

அன்றிலிருந்து என் வரிசை இதுதான். முதலில் கேபிளை மாற்றிப் பார்ப்பேன். பிறகு முனையை வெளிச்சத்தில் பார்ப்பேன். அதன்பின் போர்ட்டின் உள்ளே வளைந்த ஊசி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். இதெல்லாம் சரியாக இருந்தால்தான் மென்பொருள் பக்கம் போவேன். யாராவது வேகத்தை 100 என்று கையால் பூட்டி வைத்திருக்கலாம். தாமிர ஜிகாபிட்டில் இரு முனைகளும் தங்களுக்குள் பேசி வேகத்தை முடிவு செய்வது கட்டாயம் என்பதால், அதைத் தானியங்கி நிலையிலேயே விடுவதுதான் சரி.

அறிகுறி: கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிகிறது, ஆனால் ஜிகாபிட் நிற்கவில்லை

விளக்கு எரியும் சின்ன டெஸ்டர் பார்ப்பது ஒன்றே ஒன்று: இந்த முனையில் கிளம்பிய மின்சாரம் அந்த முனைக்கு வந்ததா. எந்தக் கம்பி எதோடு முறுக்கப்பட்டிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. நிறங்களை ஜோடி ஜோடியாக வரிசையில் வைத்து, அதாவது 1-2, 3-4, 5-6, 7-8 என்று இரண்டு முனையிலும் ஒரே மாதிரி கிரிம்ப் செய்தால் டெஸ்டர் பாஸ் போட்டுவிடும். ஆனால் தரப்படி 3-உம் 6-உம் ஒரு ஜோடி, 4-உம் 5-உம் ஒரு ஜோடி. வரிசையாக வைக்கும்போது ஒரு சிக்னலின் இரண்டு கம்பிகளும் வேறு வேறு முறுக்கில் போய் உட்கார்ந்து பக்கத்துக் கம்பியின் இரைச்சலை வாங்கிக்கொள்கின்றன. அரை மீட்டர்க் கேபிளில் தப்பிக்கும், இருபது மீட்டரில் மாட்டிக்கொள்ளும்.

நிற வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடியின் நடுவே நீல ஜோடி புகுந்து நிற்கும். அதுதான் சரி. கேட்5இ கேபிள் 100 மீட்டர் வரை ஜிகாபிட்டைத் தாங்கும், இதற்காகக் கேட்6 வாங்க வேண்டியதில்லை. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பியை மட்டும் தொடாதீர்கள். சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும்.

அறிகுறி: 300-ஐ ஒட்டி நிற்கிறது

டேட்டா எங்கோ யூஎஸ்பி 2.0 வழியாகப் போகிறது. அதன் சிக்னல் வேகமே 480 மெகாபிட்தான், அதிலும் உருப்படியாகக் கிடைப்பது குறைவு. யூஎஸ்பி ஜிகாபிட் அடாப்டரைப் பழைய போர்ட்டில் செருகியிருப்பீர்கள், அல்லது நடுவில் ஒரு பழைய ஹப் இருக்கும். லினக்ஸில் "எல்எஸ்யூஎஸ்பி -டி" (இங்கே டி, ட்ரீ என்ற சொல்லின் முதல் எழுத்து) அடித்தால் அடாப்டருக்கு நேராக 480 என்றோ 5000 என்றோ காட்டும். 5000 வர வேண்டும்.

ராஸ்பெர்ரி பை 3பி+ ஐ சோதனைக் கணினியாக வைத்திருப்பவர்களும் இதில்தான் விழுவார்கள். பெட்டியில் ஜிகாபிட் என்றுதான் இருக்கும். ஆனால் அந்த ஈதர்நெட் உள்ளே யூஎஸ்பி 2.0-இல் தொங்குகிறது, 300-க்கு மேல் எதிர்பார்க்க முடியாது. 2019-இல் வந்த பை 4-இல் இந்தக் குறை கிடையாது, 940-ஐத் தொடும். சும்மா கிடக்கும் பை 4 ஒன்று இருந்தால், சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகக்கூடிய நல்ல சோதனைக் கருவி அது.

அறிகுறி: 400-க்கும் 800-க்கும் நடுவில் ஊசலாடுகிறது

94, 300 போன்ற எண்கள் ஒரே இடத்தில் நிற்கும், காரணத்தையும் அவையே சொல்லிவிடும். ஊசலாட்டம் அப்படியல்ல. இதில் முதல் சந்தேகம் பிராசசர் மேல்தான். சோதனை ஓடும்போதே இன்னொரு திரையில் "டாப்" திறந்து, எண் 1 விசையை அழுத்தி ஒவ்வொரு கோரையும் தனியாகப் பாருங்கள். மொத்தப் பயன்பாடு 25 விழுக்காடு என்று காட்டும்போதே நான்கு கோர்களில் ஒன்று மட்டும் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கலாம். ஐபெர்ஃப்3-இன் 3.16-க்கு முந்தைய பதிப்புகள், எத்தனை இணைப்பு திறந்தாலும் ஒரே கோரில்தான் ஓடும். அதனால் பழைய பதிப்பில் "-பி 4" (பேரலல் என்ற சொல்லின் முதல் எழுத்து, பெரிய எழுத்தில்) போட்டுப் பார்த்துவிட்டு, நான்கு இணைப்பிலும் வேகம் ஏறவில்லையே என்று முடிவுக்கு வராதீர்கள்.

விண்டோஸில் இந்த மென்பொருள் சில சமயம் காரணமே இல்லாமல் சோர்ந்துபோகும். அங்கே மைக்ரோசாஃப்ட் தரும் என்டிடிடிசிபி நல்லது. அதைவிட எளிது, லினக்ஸ் போட்ட பென்டிரைவிலிருந்து கணினியைத் துவக்கி அளப்பது. ஆன்டிவைரஸ், விபிஎன், டிரைவர் என்று எல்லாச் சந்தேகங்களும் ஒரே அடியில் விலகிவிடும்.

மிகப் பழைய கணினியில் சாதாரண பிசிஐ செருகியில் ஜிகாபிட் கார்டு இருந்தால் அதை விட்டுவிடுங்கள். அந்தப் பாதையின் உச்சமே விநாடிக்கு 133 மெகாபைட். அதையும் எல்லாக் கார்டுகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு திசையிலும் ஒரே நேரத்தில் ஜிகாபிட் ஓட அதில் இடமே கிடையாது.

அறிகுறி: போகும்போது 941, வரும்போது 200

பலரும் ஒரு திசையை மட்டும் அளந்துவிட்டு எழுந்துவிடுவதால் இது கண்ணில் படாமலே போகும். "-ஆர்" போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

டேட்டா அனுப்பும் பக்கத்துத் திரையில் "ரெட்ர்" என்ற நெடுவரிசை இருக்கும். எத்தனை முறை மறுபடி அனுப்ப வேண்டியிருந்தது என்ற கணக்கு அது. நேர் கேபிளில் பூச்சியமோ அதை ஒட்டியோ இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் ஏறினால் வழியில் பாக்கெட்டுகள் செத்துக்கொண்டிருக்கின்றன. அடுத்து, பெறும் பக்கத்துக் கணினியில் "ஈத்டூல் -எஸ்" ஓட்டி, பெரிய எழுத்து எஸ் போட்டு, சிஆர்சி பிழை (சரிபார்ப்பு எண் பொருந்தாத ஃபிரேம்கள்) எண்ணிக்கையைப் பாருங்கள். சோதனைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை. எண் ஏறியிருந்தால் கம்பியில் பிட்டுகள் சிதைகின்றன.

ஒரு நுணுக்கம் இங்கே கைகொடுக்கும். சாதாரண சுவிட்சுகள் ஃபிரேமை முழுதாக வாங்கிச் சரிபார்த்த பிறகே அடுத்த போர்ட்டுக்கு அனுப்பும், கெட்டதை அங்கேயே போட்டுவிடும். அதனால் கெட்ட ஃபிரேம் சுவிட்சைத் தாண்டி வராது. உங்கள் கணினியில் சிஆர்சி பிழை ஏறினால் குற்றவாளி கணினிக்கும் சுவிட்சுக்கும் நடுவில் உள்ள கேபிள்தான், சுவிட்சுக்கு அப்பால் உள்ளது இல்லை. நிர்வகிக்கக்கூடிய சுவிட்சாக இருந்தால் அதன் ஒவ்வொரு போர்ட்டிலும் இதே எண்ணைப் பார்த்து, மற்றக் கேபிள்களையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே விசாரித்துவிடலாம்.

அறிகுறி: 20,000 மெகாபிட் வருகிறது!

வாழ்த்துகள், ஆனால் டேட்டா கம்பிக்கு வரவே இல்லை. ஒரே கணினியில் இரண்டு நெட்வொர்க் கார்டு போட்டு ஒன்றிலிருந்து மற்றதற்கு அளக்க முயன்றிருப்பீர்கள். இரண்டு முகவரியும் தன்னுடையதுதான் என்று லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குத் தெரியும். வெளியே போய் வர வேண்டிய அவசியம் என்ன என்று நினைவகத்துக்குள்ளேயே கையை மாற்றிவிடும். கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள், சோதனை தடையில்லாமல் ஓடும்!

ஆனாலும் ஒரே கணினியில் அளக்க முடியும். "ஐபி நெட்என்எஸ்" என்ற கட்டளையால் ஒரு தனி நெட்வொர்க் வெளியை உருவாக்கி, இரண்டாவது கார்டை அதற்குள் தள்ளி, முகவரி கொடுத்து, ஐபெர்ஃப் சர்வரை அந்த வெளிக்குள் ஓடவிடுங்கள். கெர்னலுக்கு இப்போது அது அந்நிய ஊர். டேட்டா கம்பி வழியாகத்தான் போயாக வேண்டும். இரண்டாவது கணினி இல்லாதவர்களுக்கு இது பெரிய உதவி.

அறிகுறி: யூடிபியில் 1.05 மெகாபிட் மட்டும்

குறை ஒன்றும் இல்லை. யூடிபி என்பது, டிசிபி போலத் தொலைந்ததை மறுபடி அனுப்பாத முறை, அதற்கு ஐபெர்ஃப்3 தானாக வைத்துக்கொள்ளும் வேகமே அவ்வளவுதான். "-பி" போட்டு, இங்கே பிட்ரேட் என்ற சொல்லின் முதல் எழுத்து, சிறிய எழுத்தில், வேகத்தைச் சொல்லுங்கள். ஜிகாபிட்டில் 957 வரை போகும். இழப்பு காட்டினால் உடனே சுவிட்சைக் குற்றம் சொல்லாதீர்கள். பெறும் கணினி வாங்கிவைக்க முடியாமல் கீழே போட்டதும் அதே கணக்கில்தான் வரும்.

அறிகுறி: ஐபெர்ஃபில் 941, ஃபைல் காப்பியில் பாதி

நெட்வொர்க்கை விட்டுவிட்டு டிஸ்க்கைப் பாருங்கள். ஐபெர்ஃப் நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கு அனுப்புகிறது, டிஸ்க்கைத் தொடுவதே இல்லை. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களைக் காப்பி செய்தால் கம்பி பாதி நேரம் காலியாகத்தான் கிடக்கும். ஒரே பெரிய ஃபைலை எஸ்எஸ்டியிலிருந்து எஸ்எஸ்டிக்கு அனுப்பிப் பாருங்கள். விண்டோஸ் விநாடிக்கு 112 மெகாபைட் அளவில் காட்டினால் அது ஜிகாபிட்டின் உச்சம்தான்.

அறிகுறி: லேனுக்குள் சரி, ரவுட்டரைத் தாண்டினால் விழுகிறது

ரவுட்டரின் லேன் போர்ட்டுகள், அதாவது வீட்டுக் கணினிகளை மாட்டும் போர்ட்டுகள், உள்ளே ஒரு சாதாரண சுவிட்ச் சிப்தான். இரண்டு லேன் போர்ட்டுகளுக்கு நடுவே 941 வருவது ரவுட்டரின் திறமையைப் பற்றி எதுவும் சொல்லாது. "-எஸ்" ஓடும் சர்வர் கணினியை, இணையக் கேபிள் வரும் வேன் போர்ட்டில் மாட்டுங்கள். வேனுக்குக் கையால் முகவரி கொடுத்து, லேன் பக்கத்திலிருந்து கிளையண்டை ஓட்டுங்கள். "-ஆர்" போட்டால் பதிவிறக்கம், போடாவிட்டால் பதிவேற்றம். இணைய நிறுவனத்தின் வேகம் இதில் குறுக்கிடவே முடியாது என்பதால் வரும் எண் முழுக்க முழுக்க ரவுட்டருடையது.

விழுந்தால், கியூஓஎஸ் (எந்த டேட்டா முதலில் போக வேண்டும் என்று வரிசைப்படுத்தும் வசதி), டிராஃபிக் கணக்கு, பெற்றோர் கட்டுப்பாடு போன்றவற்றை ஒவ்வொன்றாக அணைத்து மறுபடி அளங்கள். பல ரவுட்டர்கள் முகவரி மாற்றும் வேலையை ஒரு தனி வன்பொருள் குறுக்குவழியில் செய்கின்றன. இந்த வசதிகளில் ஒன்றை இயக்கினால் அந்தக் குறுக்குவழி மூடிக்கொள்ளலாம். பிறகு ஒவ்வொரு பாக்கெட்டும் பிராசசரின் கை வழியாகத்தான் போக வேண்டும். நல்ல எண் வந்துவிட்டால் அரை மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டு மறுபடி பாருங்கள். முதல் நிமிடம் 941 காட்டிவிட்டு, சூடேறியதும் இறங்குகிற பெட்டிகளை முப்பது விநாடிச் சோதனை பிடிக்காது.

அறிகுறி: ஒரு ஜோடி போர்ட்டில் சரி, எல்லாரும் வேலை செய்யும்போது மந்தம்

எட்டு போர்ட் சுவிட்சை முழுதாக நிரப்ப எட்டுக் கணினி தேவை என்றுதான் முதலில் தோன்றும். விலேன், அதாவது ஒரு சுவிட்சைத் தனித்தனிச் சுவிட்சுகள் போலப் பிரிக்கும் வசதி, உள்ள சுவிட்ச் என்றால் இரண்டு போதும். 1, 2 போர்ட்டுகளை ஒரு விலேனிலும், 3, 4 ஐ அடுத்ததிலும், 5, 6 ஐ மூன்றாவதிலும், 7, 8 ஐ நான்காவதிலும் போடுங்கள். டேக் (பாக்கெட்டில் ஒட்டும் விலேன் எண்) வேண்டாம், ஒவ்வொரு போர்ட்டின் பிவிஐடியையும் (டேக் இல்லாமல் உள்ளே வருவது எந்த விலேன் என்று சொல்லும் எண்) அதனதன் விலேனுக்கு மாற்றுங்கள். பின்னர் சின்னக் கேபிள்களால் 2 ஐ 3-உடனும், 4 ஐ 5-உடனும், 6 ஐ 7-உடனும் இணையுங்கள். கணினிகள் 1-லும் 8-லும்.

இப்போது 1-இல் நுழைந்த பாக்கெட் 2-இல் வெளியேறி, 3-இல் நுழைந்து 4-இல் வெளியேறி, பாம்பு போல வளைந்து வளைந்து 8-இல் போய் முடியும். "--பைடிர்" போட்டு ஓட்டினால் எட்டுப் போர்ட்டும் இரு திசையிலும் ஒரே நேரத்தில் நிரம்பி ஓடும். இரண்டு திசையும் ஒன்றாக ஓடும்போது ஒவ்வொன்றும் 941-க்குச் சற்றுக் கீழே இருந்தால் கவலை வேண்டாம், ஒப்புகைப் பாக்கெட்டுகளும் அதே கம்பியில்தான் போகின்றன. ஏதாவது ஒரு போர்ட்டோ கேபிளோ சரியில்லை என்றால் மொத்த எண்ணும் விழும். அப்போது இரண்டாவது கணினியை 8-இலிருந்து எடுத்து 4-இல் மாட்டி, முன்பாதியா பின்பாதியா என்று பிரித்துத் தேடுங்கள்.

மூன்று இடத்தில் தடுக்கும். விலேனை மாற்றும்போது சுவிட்சின் நிர்வாகப் பக்கத்திலிருந்து நீங்களே வெளியே போய் நின்றுவிடலாம், ரீசெட் பொத்தான் எங்கே இருக்கிறது என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். லூப் தடுப்பையும் (லூப் என்பது பாக்கெட் முடிவில்லாமல் சுற்றும் வளையம்), அதே வேலையைச் செய்யும் ஸ்பேனிங் ட்ரீயையும் அணைக்காவிட்டால் சுவிட்ச் இந்தக் கேபிள்களைப் பார்த்துப் பயந்து போர்ட்டுகளை மூடிவிடும். மூன்றாவது, மேக் முகவரிகளை (ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் உள்ள அடையாள எண்) விலேன் வாரியாகத் தனித்தனியே நினைவில் வைக்காத சில சுவிட்சுகளில் இந்த வித்தை பலிக்காது. ஒரே மேக் நாலு போர்ட்டில் தெரிவதால் அது குழம்பிப்போகும்.

விலேன் வசதியே இல்லாத சுவிட்சில் இந்த இணைப்பைச் செய்துவிடாதீர்கள். அது நிஜமான லூப், மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிடும்.

அறிகுறி: பெரிய ஃபைல் பறக்கிறது, குரல் அழைப்பும் கேமும் திணறுகின்றன

941 என்பது பெரிய பாக்கெட்டுகளின் கணக்கு. முன்னோட்டமும் இடைவெளியும் சேர்க்காமல் எண்ணிய 1518 பைட் ஃபிரேம்களில் ஜிகாபிட் நிரம்ப, விநாடிக்குச் சுமார் 81,000 ஃபிரேம் போதும். 64 பைட் ஃபிரேம்கள் என்றால் 14,88,095 வேண்டும். சுவிட்ச் சிப்புகள் இதை அலட்சியமாகச் செய்யும். பிராசசரை நம்பும் ரவுட்டர்தான் மாட்டிக்கொள்ளும், அதற்குப் பைட்டைவிடப் பாக்கெட்டின் எண்ணிக்கைதான் சுமை.

சின்னப் பாக்கெட்டை இந்த வேகத்தில் உண்டாக்க ஐபெர்ஃபால் முடியாது. லினக்ஸ் கெர்னலிலேயே பிகேடிஜென் என்ற கருவி இருக்கிறது, அது பாக்கெட்டை நேராகக் கார்டின் வாயில் கொடுக்கும். எதிர்முனையில் கார்டின் எண்ணிக்கையை முன்னும் பின்னும் குறித்து வித்தியாசம் பார்த்தால் எத்தனை தாண்டி வந்தன என்பது தெரிந்துவிடும். இங்கேயும் முதலில் நேர் கேபிளில் உங்கள் கணினியால் எத்தனை அனுப்ப முடிகிறது என்று பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பாக்கெட்டின் எண்ணிக்கையில் குறை தெரியாவிட்டால், பெரிய சோதனை ஓடும்போதே ரவுட்டரைத் தாண்டி இருக்கும் கணினிக்கு "பிங்" விட்டுப் பாருங்கள். சும்மா இருக்கும்போது அரை மில்லிவிநாடி வந்த பதில், சுமையில் நூறைத் தாண்டினால் வரிசை நடுவில் எங்கோ நீண்டு கிடக்கிறது. அப்போதுதான் கியூஓஎஸ் உதவும். வேகத்துக்காக முன்பு அணைத்த அதே கியூஓஎஸ்ஸை மறுபடி இயக்கி, எத்தனை மெகாபிட்டைக் கொடுத்து எத்தனை மில்லிவிநாடி வாங்குகிறோம் என்று அளந்து பார்த்துத் தீர்மானியுங்கள்.